வலிப்பு எதிர் மருந்துகள்

வலிப்பு எதிர் மருந்துகள் என்பவை வலிப்பு நோய் உடையவர்களுக்கு மீண்டும் மீண்டும் வலிப்பு ஏற்படாமல் தடுப்பதற்காகக் கொடுக்கப்படும் மருந்துகள் ஆகும். இவை பெரும்பாலும் நோயின் மூல காரணத்தை நீக்குவதில்லை. மூளை நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடின்றி மின் துடிப்புகளை வெளியிடும் போக்கை அடக்கி வைக்கின்றன. எல்லா வலிப்புக்கும் ஏற்ற ஒரே மருந்து என்று எதுவும் இல்லை. ஒரு வகை வலிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்து வேறொரு வகையை மோசமாக்கவும் கூடும். ஆகவே வலிப்பின் வகையை அறிந்து மருந்தைத் தேர்ந்தெடுப்பதே சிகிச்சையின் அடிப்படை ஆகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்கின்றனர். அவர்களுள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் உள்ளனர். முறையாக நோய் கண்டறியப்பட்டு மருந்து கிடைத்தால் இவர்களுள் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும். எனினும் பலர் மருந்தைத் தொடங்குவதேயில்லை. தொடங்கியவர்களிலும் பலர் இடையில் நிறுத்திவிடுகின்றனர்.

வலிப்பின் வகைகள்

பன்னாட்டு வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2017 ஆம் ஆண்டு வெளியிட்டு, 2025 ஆம் ஆண்டு திருத்தியமைத்த பகுப்பின்படி, வலிப்பு மூளையில் தொடங்கும் இடத்தைக் கொண்டு முதன்மையாக இரண்டாகப் பிரிக்கப்படுகின்றது. தொடக்க இடம் தெரியாதவை தனியே குறிக்கப்படுகின்றன.

குவிய வலிப்பு மூளையின் ஒரு பகுதியில் தொடங்குகின்றது. ஒரு கை மட்டும் துடித்தல், இல்லாத வாடையை நுகர்தல், சில நிமிடங்கள் சூழலை உணராமல் உதட்டைச் சப்பிக்கொண்டிருத்தல் போன்றவை இதன் அறிகுறிகள். இது மூளை முழுவதும் பரவி உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்பாக மாறவும் கூடும்.

முழுமை வலிப்பு மூளையின் இரு பாதிகளிலும் தொடக்கத்திலேயே ஏற்படுகின்றது. இதில் பின்வரும் வகைகள் முக்கியமானவை:

* விறைப்பு-துடிப்பு வலிப்பு: உடல் விறைத்து, பின் கைகால்கள் வெட்டி இழுக்கும். வழக்கில் "காக்காய் வலிப்பு" எனப்படுவது பெரும்பாலும் இதுவே.
* வெறித்த பார்வை வலிப்பு: குழந்தை சில நொடிகள் அசைவற்று வெறித்துப் பார்த்துவிட்டு, எதுவும் நடவாதது போல் தொடரும். வகுப்பில் கவனக்குறைவு என்று இது தவறாகக் கருதப்படுவதுண்டு.
* தசைத்துள்ளல் வலிப்பு: கைகள் திடீரெனத் தூக்கிப் போடும். காலையில் விழித்தெழுந்த பின்னர் கையிலுள்ள குவளை தெறித்து விழுவது பதின்ம வயதினரிடம் காணப்படும் ஓர் அறிகுறி.
* தொய்வு வலிப்பு: உடலின் பிடிப்பு திடீரெனத் தளர்ந்து நோயாளி கீழே விழுவார்.
* கைக்குழந்தை இசிவு: ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடல் அடுத்தடுத்து மடங்கி விரிவது. இதற்கு உடனடிச் சிகிச்சை தேவை.

வரலாறு

1857 ஆம் ஆண்டு இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் சார்லஸ் லோகாக், பொட்டாசியம் புரோமைடு வலிப்பைக் குறைப்பதாகத் தெரிவித்தார். பயனளித்த முதல் வலிப்பு மருந்தாக இது கருதப்படுகின்றது. ஆனால் இது மந்தநிலையையும் தோல் கொப்புளங்களையும் ஏற்படுத்தியது. 1912 ஆம் ஆண்டு செருமானிய மருத்துவர் ஆல்பிரட் ஹாப்ட்மன், தூக்க மருந்தாக அறிமுகமான பினோபார்பிட்டால் வலிப்பையும் தடுப்பதைக் கண்டறிந்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் இம்மருந்து பயன்பாட்டில் உள்ளது.

பெனிட்டாயின் 1908 ஆம் ஆண்டிலேயே ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டிருந்த போதிலும், அதன் பயன் 1938 ஆம் ஆண்டில்தான் வெளிப்பட்டது. அமெரிக்கர்களான ஹூஸ்டன் மெரிட், டிரேசி புட்னம் ஆகிய இருவரும் விலங்குகளில் மின்சாரத்தால் வலிப்பைத் தூண்டி, அதைத் தடுக்கும் பொருள்களைத் தேடியபோது இதனைக் கண்டறிந்தனர். தூக்கம் வரவழைக்காமலேயே வலிப்பைத் தடுக்க இயலும் என்பது இதன்மூலம் நிறுவப்பட்டது.

வால்புரோயிக் அமிலம் 1882 ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டிருந்தது. 1960களின் தொடக்கத்தில் பிரான்சில் பியர் எய்மார் வேறு சில பொருள்களைச் சோதிப்பதற்காக அவற்றை இவ்வமிலத்தில் கரைத்துப் பயன்படுத்தினார். சோதித்த பொருள்கள் எல்லாமே வலிப்பைத் தடுப்பதாகத் தோன்றியது. உண்மையில் தடுத்தது கரைப்பானே என்பது பின்னர் தெரியவந்தது. கார்பமசெபைன் 1953 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்திலும், எத்தோசக்சிமைடு 1950களின் இறுதியிலும் உருவாயின. 1990களுக்குப் பின் லாமோட்ரிஜின், டோபிராமேட், லெவெடிராசெட்டம் முதலிய புதிய மருந்துகள் வந்தன.

செயற்படும் விதம்

நரம்பணுவின் சவ்வில் உள்ள நுண்ணிய வாயில்கள் வழியாகச் சோடியம், கால்சியம் முதலிய அயனிகள் உட்புகுந்து வெளியேறுவதால் மின் துடிப்பு உண்டாகின்றது. ஓர் அணுவை மற்றோர் அணு தூண்டவும் அடக்கவும் வேதிப்பொருள்கள் உள்ளன. குளூட்டமேட்டு தூண்டுவது, காபா அடக்குவது. தூண்டலும் அடக்கலும் சமநிலை தவறும்போது வலிப்பு ஏற்படுகின்றது. மருந்துகள் இச்சமநிலையைப் பல இடங்களில் திருத்துகின்றன.

* சோடியம் வாயில்களை அடைப்பவை: பெனிட்டாயின், கார்பமசெபைன், ஆக்ஸ்கார்பசெபைன், லாமோட்ரிஜின். மிக விரைவாக மீண்டும் மீண்டும் துடிக்கும் அணுக்களையே இவை அதிகம் பாதிப்பதால், இயல்பான மூளைச் செயல்பாடு பெரிதும் தடைப்படுவதில்லை.
* ஒரு வகைக் கால்சியம் வாயிலை அடைப்பவை: எத்தோசக்சிமைடு. வெறித்த பார்வை வலிப்பின் சீரான மின்னலைகள் இவ்வாயில்களைச் சார்ந்திருப்பதால், இம்மருந்து அவ்வகைக்கே பயன்படுகின்றது.
* காபாவின் அடக்கும் ஆற்றலைப் பெருக்குபவை: பினோபார்பிட்டால், டயசெபாம், லோரசெபாம், மிடசோலம், குளோபசாம். விகாபாட்ரின் காபா சிதைவதைத் தடுக்கின்றது.
* வேதிச் செய்தி வெளியாவதைக் குறைப்பவை: லெவெடிராசெட்டம். இது நரம்பணு முனைகளிலுள்ள நுண்பைகளின் ஒரு புரதத்துடன் இணைகின்றது.
* பல வழிகளில் செயற்படுபவை: சோடியம் வால்புரோயேட், டோபிராமேட்.

வலிப்பு வகையும் மருந்துத் தேர்வும்

குவிய வலிப்புக்கு லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம், கார்பமசெபைன், ஆக்ஸ்கார்பசெபைன் ஆகியன முதல் தேர்வுகளாக உள்ளன. விலை குறைவு என்பதால் பெனிட்டாயினும் இந்தியாவில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றது. பிரித்தானியாவில் நடைபெற்று 2007, 2021 ஆம் ஆண்டுகளில் வெளியான இரு பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள், குவிய வலிப்புக்கு லாமோட்ரிஜினை முதல் மருந்தாகக் கொள்வதை ஆதரித்தன.

முழுமை வகை விறைப்பு-துடிப்பு வலிப்புக்கும் தசைத்துள்ளல் வலிப்புக்கும் சோடியம் வால்புரோயேட் மிகுந்த பயனளிக்கின்றது. மேற்கூறிய ஆய்வுகளிலும் இது முன்னணியில் இருந்தது. ஆனால் கருவுறும் வயதிலுள்ள பெண்களுக்கு இது பொருந்தாது என்பதால், அவர்களுக்கு லெவெடிராசெட்டம் அல்லது லாமோட்ரிஜின் தேர்ந்தெடுக்கப்படுகின்றது. லாமோட்ரிஜின் சிலரிடம் தசைத்துள்ளலை அதிகமாக்கக்கூடும்.

வெறித்த பார்வை வலிப்பு மட்டும் உள்ள குழந்தைகளுக்கு எத்தோசக்சிமைடு முதல் தேர்வு ஆகும். 2010 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வில் எத்தோசக்சிமைடும் வால்புரோயேட்டும் லாமோட்ரிஜினை விட நன்கு பயனளித்தன. அவ்விரண்டில் எத்தோசக்சிமைடே கவனத் திறனைக் குறைவாகப் பாதித்தது.

கைக்குழந்தை இசிவுக்கு அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஊக்கிநீர் ஊசி, பிரெட்னிசோலோன், விகாபாட்ரின் ஆகியவை பயன்படுகின்றன. இங்கு தாமதம் குழந்தையின் அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும்.

தவறான தேர்வின் தீமை

கார்பமசெபைன், ஆக்ஸ்கார்பசெபைன், பெனிட்டாயின், விகாபாட்ரின் ஆகியவை வெறித்த பார்வை வலிப்பையும் தசைத்துள்ளல் வலிப்பையும் அதிகமாக்கக்கூடும். வெறித்துப் பார்க்கும் ஒரு சிறுமிக்குக் குவிய வலிப்பு எனக் கருதி கார்பமசெபைன் கொடுத்தால், நாளொன்றுக்குச் சில முறை வந்தது பலமுறை வரலாம். அப்போது மருந்தின் அளவு போதவில்லை என எண்ணி அளவைக் கூட்டினால் நிலை மேலும் மோசமாகும். இதனால்தான் வலிப்பை நேரில் கண்டவர் சொல்லும் விவரம் மருத்துவருக்கு மிகவும் இன்றியமையாதது. தலை எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் துடித்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பன மூளை மின்னலை வரைவுக்கு இணையான சான்றுகளாகும். செல்பேசியில் பதிந்த காணொளியும் பயன்படும்.

தொடர் வலிப்பு

ஐந்து நிமிடங்களுக்கு மேல் நிற்காத விறைப்பு-துடிப்பு வலிப்பும், இடையில் நினைவு திரும்பாமல் அடுத்தடுத்து வரும் வலிப்பும் தொடர் வலிப்பு எனப்படும். இது உயிருக்கு ஆபத்தான நிலை ஆகும். முதலில் லோரசெபாம், டயசெபாம் அல்லது மிடசோலம் கொடுக்கப்படுகின்றது. மிடசோலத்தை மூக்கில் தெளிக்க இயலும் என்பதால், மருத்துவர் அறிவுறுத்தியிருந்தால் வீட்டிலேயே உறவினர் கொடுக்கலாம். இதற்கும் அடங்காவிட்டால் மருத்துவமனையில் லெவெடிராசெட்டம், வால்புரோயேட் அல்லது பாஸ்பெனிட்டாயின் நரம்பு வழியாகச் செலுத்தப்படுகின்றது. 2019 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில் இம்மூன்றும் ஏறத்தாழ பாதி நோயாளிகளிடம் சமமாகப் பயனளித்தன.

வலிப்பின்போது கையில் சாவிக்கொத்து அல்லது இரும்புத் துண்டைக் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடுகின்றன. இரும்பைத் தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் அந்த நேரம் கடந்துவிடுவதால் இரும்பே வலிப்பை நிறுத்தியது போலத் தோன்றுகின்றது. இரும்புக்கு அத்தகைய ஆற்றல் இல்லை. கூர்மையான பொருளாயின் காயமும் ஏற்படும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்தல், தலைக்கடியில் மென்மையான துணி வைத்தல், வாயில் எதையும் திணிக்காதிருத்தல், நேரத்தைக் குறித்தல் ஆகியனவே செய்ய வேண்டியவை.

தென்னிந்தியாவில் காணப்படும் சில நிலைகள்

வெந்நீர் வலிப்பு

தலையில் வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் ஏற்படும் இவ்வலிப்பு தென்னிந்தியாவில், சிறப்பாகக் கர்நாடகத்தில், அதிகம் பதிவாகியுள்ளது. நரம்பியல் மருத்துவர் கே. எஸ். மணியும் உடன் பணியாற்றியோரும் 1968 ஆம் ஆண்டு இதனைப் பற்றி எழுதினர். நீரின் வெப்பத்தைக் குறைப்பதும், தலைக்கு ஊற்றாமல் துணியால் துடைத்துக் கொள்வதும் பலருக்குப் போதுமானவை. மற்றவர்களுக்குத் தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும், குளிப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்திற்கு முன் குளோபசாம் கொடுக்கப்படுகின்றது. அதன் பின்னும் வலிப்பு வந்தாலோ, குளிக்காத நேரங்களிலும் வந்தாலோ நாள்தோறும் மருந்து தேவைப்படும்.

நாடாப்புழு நீர்க்கட்டி

பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் அசுத்தமான உணவு, நீர், கை வழியாக உடலுக்குள் சென்றால், இளம்புழுக்கள் மூளையில் தங்கி நீர்க்கட்டிகளை உண்டாக்கும். பன்றி இறைச்சி உண்ணாதவர்களுக்கும் இது வரும். வேலூர் மாவட்டத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் நடத்தி 2006 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோயாளிகளுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரிடம் இதுவே காரணமாக இருந்தது. இவர்களுக்குக் கட்டியின் நிலையைப் பொறுத்து அல்பெண்டசோலும் வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டும் கொடுக்கப்படுகின்றன. உடன் வலிப்பு எதிர் மருந்தும் தேவை. ஒற்றைக் கட்டி முற்றிலும் மறைந்துவிட்டால் அம்மருந்தைப் பலரிடம் நிறுத்த இயலும்.

எளிய மருந்துகளும் ஊர்ப்புறமும்

கர்நாடகத்தின் எலந்தூர் பகுதியில் கே. எஸ். மணி தலைமையில் நடைபெற்ற ஆய்வு 2001 ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியானது. மலிவான பினோபார்பிட்டால், பெனிட்டாயின் ஆகியவற்றைக் கொண்டே ஊர்ப்புற நோயாளிகளுள் பெரும்பகுதியினரின் வலிப்பைக் கட்டுப்படுத்த இயலும் என அது காட்டியது.

இந்தியாவின் 2022 ஆம் ஆண்டு இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் பினோபார்பிட்டால், பெனிட்டாயின், கார்பமசெபைன், சோடியம் வால்புரோயேட், லெவெடிராசெட்டம், குளோபசாம் ஆகியவை இடம்பெற்றுள்ளன. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை 1994 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கொள்முதல் செய்கின்றது. நோயாளிகளுக்கு அவை கட்டணமின்றி வழங்கப்படுகின்றன.

பக்க விளைவுகள்

மயக்கம், தலைச்சுற்றல், சோர்வு ஆகியவை பல மருந்துகளுக்கும் பொதுவானவை. தனித்தன்மை வாய்ந்த சில விளைவுகள்:

* பெனிட்டாயின்: ஈறு வீக்கம், முகத்தில் முடி வளர்தல், தள்ளாட்டம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் கல்லீரலால் இதனை விரைந்து சிதைக்க இயலாது. ஆகவே அளவைச் சிறிது கூட்டினாலும் குருதியில் அதன் செறிவு பன்மடங்கு உயரலாம்.
* கார்பமசெபைன்: குருதியில் சோடியம் குறைதல், தோல் தடிப்பு. குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உடையவர்களிடம் உயிருக்கு ஆபத்தான தோல் உரிதலை ஏற்படுத்தும். இவ்வகை தென்கிழக்கு ஆசியரிடம் அதிகமாகவும் இந்தியர் சிலரிடமும் உள்ளது.
* லாமோட்ரிஜின்: தோல் தடிப்பு. இதனைத் தவிர்க்கப் பல வாரங்களில் சிறிது சிறிதாக அளவைக் கூட்டுவர். வால்புரோயேட்டுடன் கொடுத்தால் இதன் செறிவு உயரும். எனவே தொடக்க அளவு இன்னும் குறைவாக இருக்க வேண்டும்.
* சோடியம் வால்புரோயேட்: எடை கூடுதல், முடி உதிர்தல், கைநடுக்கம், அரிதாகக் கல்லீரல் பாதிப்பு.
* லெவெடிராசெட்டம்: எரிச்சல், கோபம், மனச்சோர்வு.
* டோபிராமேட்: எடை குறைதல், சொற்கள் நினைவுக்கு வராமை, சிறுநீரகக் கல்.
* பினோபார்பிட்டால்: தூக்கக் கலக்கம், குழந்தைகளிடம் துறுதுறுப்பும் கற்றல் தடையும்.
* விகாபாட்ரின்: பார்வைப் பரப்பு நிரந்தரமாகச் சுருங்குதல்.

பெனிட்டாயின், கார்பமசெபைன், பினோபார்பிட்டால் ஆகியவை கல்லீரல் நொதிகளைத் தூண்டுவதால், கருத்தடை மாத்திரை உள்ளிட்ட பிற மருந்துகளின் பயன் குறையும். மறுதலையாக, காசநோய்க்குக் கொடுக்கப்படும் ஐசோனியாசிடு, பெனிட்டாயின், கார்பமசெபைன் ஆகியவற்றின் செறிவை உயர்த்தவல்லது. எனவே வேறெந்த நோய்க்கு மருத்துவரை நாடினாலும் உட்கொள்ளும் வலிப்பு மருந்தின் பெயரைச் சொல்லுதல் வேண்டும்.

கருவுறுதல்

கருவுற்ற காலத்தில் வால்புரோயேட் உட்கொண்ட தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்குப் பெரிய பிறவிக் குறைபாடுகளும், 30 முதல் 40 விழுக்காட்டினருக்கு மன வளர்ச்சி தொடர்பான குறைகளும் ஏற்படலாம். லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம் ஆகியவை இதனை விடப் பாதுகாப்பானவை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1998 ஆம் ஆண்டு முதல் செயற்படும் கேரளப் பதிவேடு, இந்தியப் பெண்களிடையே இத்தகைய விளைவுகளை ஆராய்ந்து வருகின்றது.

கருவுற்றிருப்பதை அறிந்ததும் அச்சத்தால் மருந்தைத் திடீரென நிறுத்துவது பெருந்தவறு. தொடர் வலிப்பு தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்தை விளைவிக்கும். மாற்றம் தேவையெனில் கருவுறுவதற்கு முன்பே திட்டமிட்டுச் செய்ய வேண்டும். போலிக் அமிலமும் முன்னரே தொடங்கப்படுகின்றது. பெரும்பாலான வலிப்பு மருந்துகளை உட்கொள்ளும் தாய்மார் தாய்ப்பால் கொடுக்கலாம்.

மருந்தைத் தவறாது உட்கொள்ளல்

கட்டுப்பாட்டில் இருந்த வலிப்பு மீண்டும் வருவதற்கு மிகப் பொதுவான காரணம் மருந்தைத் தவறவிடுதலே ஆகும். தூக்கமின்மை, காய்ச்சல், மது ஆகியவையும் வலிப்பைத் தூண்டும்.

தொழிலும் இதில் பங்கு வகிக்கின்றது. எடுத்துக்காட்டாக, தேனி மாவட்டத்தின் கூடலூர், கம்பம் முதலிய ஊர்களிலிருந்து இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்பில் செல்லும் தொழிலாளர்கள் விடியுமுன் எழுந்து புறப்படுகின்றனர். இவ்வாறு வேலை செய்பவர்களுக்கு உறக்கம் குறைவதோடு, காலை உணவுடன் மருந்து என்ற ஒழுங்கும் குலைகின்றது. நாளுக்கு ஒரு முறை இரவில் மட்டும் உட்கொள்ளத்தக்க மருந்தோ, மெதுவாகக் கரையும் மாத்திரையோ இத்தகையோருக்கு ஏற்றதாக அமையலாம். பணி நேரத்தை மருத்துவரிடம் தெரிவித்தால்தான் இத்தேர்வு இயலும். வலிப்பு கட்டுப்படும் வரை கிணறு, வாய்க்கால், ஆறு ஆகியவற்றில் தனியே குளித்தல், மரம் ஏறுதல், வாகனம் ஓட்டுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

ஒரு வேளை மருந்தை மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் உட்கொள்ளலாம். ஆனால் அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரட்டிப்பு அளவு உட்கொள்ளலாகாது.

நிறுத்துதல்

பொதுவாக இரண்டு ஆண்டுகளேனும் வலிப்பின்றி இருந்த பின்னரே மருந்தை நிறுத்துவது பற்றி எண்ணப்படுகின்றது. அப்போதும் சில மாதங்களில் சிறிது சிறிதாகவே குறைக்கப்படும். பதின்ம வயதில் தொடங்கும் தசைத்துள்ளல் வகையில், மருந்தை நிறுத்தினால் பலருக்கு மீண்டும் வருவதால், நீண்ட காலச் சிகிச்சை தேவைப்படலாம்.

மருந்துக்கு அடங்காத வலிப்பு

முதல் மருந்திலேயே நோயாளிகளுள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வலிப்பு நின்றுவிடுகின்றது. இரண்டாவது மருந்தில் மேலும் பத்தில் ஒருவருக்கு நிற்கின்றது. முறையாகத் தேர்ந்து, போதிய அளவில் கொடுக்கப்பட்ட இரு மருந்துகள் பயனளிக்காவிட்டால், அது மருந்துக்கு அடங்காத வலிப்பு எனப்படும். அதன் பின் மருந்துகளை மாற்றிக்கொண்டே இருப்பதால் கிடைக்கும் பயன் சிறிதே. இத்தகையோரை அறுவை சிகிச்சைக்கு உரியவரா என ஆராயும் மையத்திற்கு அனுப்ப வேண்டும். இந்தியாவில் வலிப்புக்கான முதல் அறுவை சிகிச்சை 1952 ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் ஜேக்கப் சாண்டியால் செய்யப்பட்டது. குழந்தைகள் சிலருக்குக் கொழுப்பு மிகுந்த கீட்டோன் உணவுமுறையும் பயன்படுகின்றது.

சட்டமும் சமூகமும்

1955 ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் வலிப்பு நோயைத் திருமணத்திற்குத் தடையான நிலைகளுள் ஒன்றாக வைத்திருந்தது. 1999 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அது நீக்கப்பட்டது. ஆயினும் திருமணத்திற்கு முன் நோயை மறைக்கும் வழக்கம் தொடர்கின்றது. மறைத்தவர், புகுந்த வீட்டினர் அறியாமல் மருந்து உட்கொள்ள இயலாது நிறுத்திவிடுகின்றார். அதனாலேயே வலிப்பு மீண்டும் வருகின்றது. மருந்தைத் தொடர்ந்து உட்கொண்டு வலிப்பின்றி இருப்பவர் கல்வி, பணி, இல்லறம் ஆகியவற்றில் பிறரைப் போலவே வாழ இயலும். இது குறித்த விழிப்புணர்வுக்காக இந்தியாவில் ஆண்டுதோறும் நவம்பர் 17 ஆம் நாள் தேசிய வலிப்பு நோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது.